சந்தர்ப்பம்: மற்றவை

பத்து நிமிடம் பிடித்து வைத்திருக்கிறார்களாம்
எனக்காக, இரண்டு இருக்கைகளை.
போன் திரையில் எண்கள் இறங்குகின்றன
கிளாவ்தியோனோர் பழுது பார்க்கும் லிஃப்ட் மாதிரி.

வெள்ளிக்கிழமை, இரவு எட்டரை.
ரெசீஃபியின் கடற்கரைச் சாலை, இருபத்து மூன்றாம் மாடி.
உணவகத்தின் பெயர் ஷியோ.
ஜப்பான் மொழியில் உப்பும் அதுதான், ஓதமும் அதுதானாம்;
எதற்குக் காசு வாங்குகிறார்கள் என்று எழுதவில்லை.
தலைக்கு அறுநூற்று எண்பது ரெயால்.
வராவிட்டாலும் அதே அறுநூற்று எண்பது.

அடுப்படியில் சோளக் குஸ்குஸின் மேல் முட்டையை உடைத்துக்கொண்டே
"அந்தக் கட்டடமா?" என்றான்.
"முந்தாநாள்தான் அங்கே இருந்தேன்.
இருபத்து மூன்றில் கதவு கொஞ்சம் ஒட்டும்."
அவ்வளவுதான்.
போகலாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும்.

பதினோரு வருடமாகப் போய்வருகிறான் அந்த மாடிக்கு,
சமையலறைப் பக்கமாக, கிரீஸ் கையோடு.
ஜன்னலில்லாத நடையில் நின்றபோது ஒருமுறை
வினிகர் கலந்த சோற்றின் வாசனை வந்ததாம்.
ஊசிப்போனதோ என்று நினைத்தானாம்.
அங்கிருந்து கடல் தெரியுமா என்று கேட்டேன்.
"தெரியுமாயிருக்கும். அது முன்பக்கம்."

எட்டு நிமிடம்.

எங்கள் கடலில் பாறைத்திட்டுக்கு அப்பால் யாரும் இறங்குவதில்லை.
சுறா படம் போட்ட சிவப்புப் பலகைகள் நிற்கின்றன.
கீழே மீன் நம்மைப் பச்சையாகத் தின்னும்,
மேலே நாம் மீனை.
நடுவில் ஒரு லிஃப்ட்.

சமையற்காரர் மவுரோ தொக்குனாகாவின் படம் இருக்கிறது.
எங்கள் நோட்டரி முதலாளி பேனாவைப் பிடிப்பதுபோல
கத்தியைப் பிடித்திருக்கிறார், அவசரமே இல்லாமல்.
அந்தக் கட்டடத்தின் பதினாறு வீடுகளுக்கு
முத்திரை குத்தியவள் நான்.
ஒன்றிலும் தண்ணீர் குடித்ததில்லை.

மோட்டார் சைக்கிள் தவணை நாற்பத்தெட்டும் முடிந்தது செவ்வாயன்று.
நான்கு வருடத்தில் முதல்முறையாக
எங்கள் சம்பளத்துக்காக வாசலில் யாரும் நிற்கவில்லை.
மாதம் அறுநூற்று நாற்பது கட்டிக்கொண்டிருந்தோம்.
கணக்குப் போட்டால்
ஒரு தலைக்கே நாற்பது இடிக்கிறது.
அப்புறம் குளிர்பெட்டிக் கதவின் ரப்பர் வேறு.
அதை டேப் ஒட்டிச் சமாளித்துக்கொண்டிருக்கிறேன்,
பால் மட்டும் மூன்றாம் நாள் திரிகிறது.

சுன்னம்.
மன்னிக்கவும், இருக்கைகள் விடுவிக்கப்பட்டன.

அப்பாடா என்றுதான் முதலில் வந்தது.
முட்டை நன்றாக இருந்தது. ஓரம் முறுகியிருந்தது.
தட்டைக் கழுவிவிட்டு, சும்மா,
சும்மாதான், மறுபடி திறந்து பார்த்தேன்.
இல்லை.
வெள்ளிக்கிழமை முழுக்கச் சாம்பல் நிறம்.
வயிற்றில் என்னவோ அறுந்து கீழே போனது.

துணி உலர்த்தினேன். மறுபடி பார்த்தேன்.
வந்திருக்கிறது,
அதே இரண்டு இருக்கை, அதே எட்டரை.

அப்படியென்றால் இடையில் வேறு யாரோ
பத்து நிமிடம் கையில் வைத்திருந்துவிட்டு
அழுத்தாமல் விட்டிருக்கிறார்கள்.
இந்த ஊரில்தான், எந்தத் தெருவிலோ,
எந்த அடுப்பின் பக்கத்திலோ.
அவர்களுக்கு எவ்வளவு இடித்ததோ.
முகம் தெரியாத அந்த ஆளை நினைத்து
அரை நிமிடம் செலவழித்தேன்.

எத்தனை பேர்? இருவர்.
பெயர்? இவோனெட்டி.
ஒவ்வாமை ஏதும் உண்டா?
கத்திக் கேட்டேன். "தெரியாதே,
இதுவரை தின்றதில் எதுவும் இல்லை" என்றான்.
சந்தர்ப்பம்?
பிறந்தநாள், மணநாள், வணிகம், மற்றவை.
மற்றவை என்றால் விளக்கச் சொல்கிறது ஒரு சின்னப் பெட்டி.

கடன் முடிந்தது என்று எழுதினேன். அழித்தேன்.
ஒன்றுமில்லை என்று எழுதினேன்.
அதையும் அழித்துவிட்டு
முன்பக்கமாக வருகிறோம் என்று எழுதினேன்.

உள்ளறையில் அலமாரி திறக்கும் சத்தம்.
கிரீஸ் படாத சட்டை எது என்று
ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறான்.
நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை அவனிடம்.

நான்கு நிமிடம் இருக்கிறது.