நாற்பத்து மூன்று விநாடி

பனித்தளத்தின் ஓரத்தில்
கண்ணாடி அடைத்த சின்னப் பெட்டி.
அதன் கதவைத் திறப்பதும் சாத்துவதும் என் வேலை.
சம்பளம் கிடையாது. ஒரு காப்பி, ஒரு பிரெட்ஸல்,
கார் நிறுத்த இடம்.

தடியால் காலை வாரினால் இரண்டு நிமிடம்.
முழங்கை முகத்தில் பட்டால் இரண்டு நிமிடம்.
நடுவரிடம் வாய் நீண்டால் பத்து.
பதினாறு குளிர்காலமாக
குற்றவாளிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.
ஒருத்திகூட ஒப்புக்கொண்டதில்லை.

வார நாட்களில் கவுண்டி அலுவலகத்தில்
சொத்து வரிக் கணக்குப் பார்க்கிறேன்.
அங்கேயும் அப்படித்தான்.

அது ஜனவரியில் ஒரு சனிக்கிழமை.
வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே பதினெட்டு.
மூக்குக்குள் முடி விறைக்கும்.
கல்லூரி நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் ஏரியில்
லாரி ஓட்டிப் போய் மீன் பிடிக்கிறார்கள்.
ஊரே உறைந்து கிடக்க,
மின்சாரத்துக்குக் காசு கட்டி
நாங்கள் உறையவைத்த அந்த ஒரு துண்டு மட்டும்
உருகத் தொடங்கியது.

மூன்றாம் பகுதி. இரண்டுக்கு இரண்டு.
பதினேழாம் எண், பிரின் ஹோக்ஸ்ட்ரா,
பெட்டிக்குள் வந்து விழுந்தாள்.
"நான் தொடவேயில்லை."
"தெரியும்" என்றேன். எல்லாரிடமும் சொல்வதுதான்.

கடிகாரத்தில் நாற்பத்து மூன்று விநாடி மிச்சம்.
நடுத்தளத்தில் பக்
சேற்றில் மாட்டிய செருப்பாக நின்றது.
நடுவர் மண்டியிட்டு விரலை வைத்தார்.
விரல் நனைந்து வந்தது.

பனி வண்டி ஓட்டும் ஆர்டிஸ் க்வாமி
எந்திர அறைக்குப் போய்
கம்ப்ரஸரில் காதை வைத்துக் கேட்டாள்.
திரும்பி வந்து, கையுறையை மாட்டிக்கொண்டே,
"வடக்குக் கதவைத் திற.
வெளியே சும்மாதானே கிடக்கிறது" என்றாள்.

லாரி நுழையும் கதவு அது. இரண்டும் திறந்தன.
உள்ளே வந்தது காற்றா, ஒரு முழு மாவட்டமா?
கூரையில் தொங்கிய பழைய வெற்றிக் கொடிகள்
முதல்முறையாக அசைந்து
பல வருடத் தூசியை எங்கள்மேல் கொட்டின.
பாப்கார்ன் காகிதங்கள் கோலுக்குள் புகுந்தன.
டிராம்போன் வாசித்த பையனுக்கு உதடு ஒட்டிக்கொண்டது.
பக்கத்துத் தளத்துக் கர்லிங்காரர்கள்
தங்கள் துடைப்பங்களோடு ஓடிவந்து
தண்ணீரைத் தள்ளினார்கள்.
அந்தத் துடைப்பம் தண்ணீர் தள்ளாது.
அவர்களுக்கும் தெரியும்.

அணிகள் உடைமாற்றும் அறைக்குப் போய்விட்டன.
இவள் எழுந்திருக்கவில்லை.
"விதி என்ன?"
"கடிகாரம் ஓடினால்தான் தண்டனை ஓடும்."
"அப்படியென்றால் இருக்கிறேன்."

நீயும் போகலாம் என்று சொல்லியிருக்க வேண்டும்.
சொல்லவில்லை.

ஒரு மணி நாற்பது நிமிடம்.
பிரெட்ஸலைப் பிய்த்துப் பாதி கொடுத்தேன்.
திங்கட்கிழமை கரிம வேதியியல் தேர்வாம்.
அப்பா ஐயோவாவில் பன்றிப் பண்ணையை
ஆகஸ்டில் விற்றுவிட்டாராம், போனில் சொன்னாராம்,
இவள் 'சரி' என்றாளாம், அவ்வளவுதானாம்.
என் கோட்டைக் கொடுத்தேன். வாங்கவில்லை.
பிறகு கோட்டின் ஒரு ஓரத்தை மட்டும்
முழங்கால்மேல் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

எதிர்வரிசையில் பத்தொன்பது பேர் மிச்சமிருந்தார்கள்.
எண்ணிக்கொண்டிருந்தேன்.

"தடி பட்டது" என்றாள்.
கண்ணாடியைப் பார்த்தபடி.
"தெரிந்துதான் வைத்தேன்."

பதினாறு வருடத்தில் முதல் தடவை.
என்ன செய்வதென்று தெரியவில்லை.
எங்கள் அலுவலகத்தில் இதற்குப் படிவம் இல்லை.
"ம்" என்றேன்.

ஆர்டிஸ் குதிகாலால் தளத்தை மூன்று இடத்தில் உதைத்தாள்.
மூன்றும் கல்.
விசில்.

நாற்பத்து மூன்று விநாடியையும்
ஒன்றுகூடக் குறையாமல் உட்காரவைத்தேன்.
கதவைத் திறந்தேன்.
திரும்பிப் பார்க்காமல் பாய்ந்தாள்,
என் கோட்டின் ஓரம் தரையில் விழுந்தது.

மூன்றுக்கு இரண்டில் தோற்றோம்.

காப்பியை எடுத்தேன்.
மேலே பாலாடை மாதிரி மெல்லிசாய்ப் பனி.
விரலால் தட்டினேன்.
தாங்கியது.