கேள்வி நேரம்: ஏழு நிமிடம்

பெயர் கேட்ட கட்டத்தில்
'பல்லுயிர் மேலாண்மைக் குழு, சின்னப்பாலம்'
என்று அடித்தேன். இடம் போதவில்லை.
'பல்லுயிர் மே' என்று திரையில் நின்றேன்.
அன்று முழுக்க அதுதான் என் பெயர்.

ஊராட்சிக்கு ஒரே கணினி.
ஜன்னலைச் சாத்தினால் புழுங்கும்,
திறந்தால் கச்சான் மணலை வாரி
விசைப்பலகையில் போடும்.
திறந்தே வைத்தேன்.

அடையாள அட்டை புதுப்பிக்க வந்த
பாசிக்காரப் பெண்கள் ஏழு பேர்
வரிசையை விட்டு என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்கள்.
சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை,
விரலில் சுற்றிய துணி இன்னும் ஈரம்.

முதலில் சட்டப் பேராசிரியர்.
பிரிவு நகர்ந்தது, உட்பிரிவு நகர்ந்தது,
வளம் காத்தவருக்குப் பயனில் பங்கு உண்டு என்றார்.
"எந்தப் பங்கு?" என்றார் நம்புநாச்சி.
"வள்ளப் பங்கா, வலைப் பங்கா,
இல்ல, ஏவாரி கழிச்சது போக மிஞ்சுற பங்கா?"
"மெல்லப் பேசுங்க அக்கா" என்றேன்,
ஒலியை நானே அடைத்து வைத்திருப்பதை மறந்து.

அடுத்து நுண்ணுயிரியல் மருத்துவர்.
வௌவால் வந்தது, எறும்புத்தின்னி வந்தது,
வெட்டிய காட்டின் விளிம்பில் ஒரு கோழிப்பண்ணை வந்தது.
அடுத்த பெருந்தொற்று
வருமா என்று கேட்காதீர்கள், என்றைக்கு என்று கேளுங்கள் என்றார்.
பிறகு ஒரு கண்ணாடித் தட்டு.
அதில் தேன்நிறக் களி,
களியின் மேல் புள்ளி புள்ளியாய்க் கிருமிக் குடும்பங்கள்.
"இந்த அகர் இல்லையென்றால்
எங்கள் ஆய்வுக்கூடத்தில் பாதி வேலை நின்றுவிடும்."

மூக்காயி குனிந்து திரையைத் தொட்டார்.
"மரிக்கொழுந்துப் பாசி.
காய்ச்சி ஆறவிட்டா இப்படித்தான் நிக்கும்."

ஊரடங்கு நாளில்
ஆண்கடலும் அடங்கவில்லை, பெண்கடலும் அடங்கவில்லை,
இவர்கள் அடங்கினார்கள்.
மூச்சடக்கத் தெரிந்தவர்களுக்கு
முகக்கவசம் மாட்டுவது எப்படி என்று
ஆட்டோவில் குழாய் கட்டிச் சொல்லிப் போனார்கள்.
கம்பெனி லாரி மட்டும் சீக்கிரம் திரும்பி வந்தது.
பாசி அவசரம் என்றார்கள். எதற்கென்று சொல்லவில்லை.
கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைத்தார்கள்.

மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் இறங்குவார்கள்.
தூரை விட்டுத்தான் கிள்ளுவார்கள்.
கடல் கொஞ்சம் தழைக்கட்டும் என்று
சித்திரை வைகாசியில் கரையிலேயே இருப்பார்கள்.
தாங்களே கூடிப் பேசி வைத்த சட்டம்,
பிரிவு எண் கிடையாது.
தீவுப் பக்கம் போனதாக
வனத்துறை போட்ட வழக்குக்கு உண்டு.

கேள்வி நேரம் ஏழு நிமிடம்.
ஒலியைத் திறந்தேன்.
நம்புநாச்சி திரைக்குப் பக்கத்தில் வந்து
கடலில் ஆளைக் கூப்பிடும் குரலில் சொன்னார்:
"ஐயா, நாங்க பாம்பன் சின்னப்பாலம்,
பாசி எடுக்குறோம், அந்தத் தட்டுல இருக்குறது..."
அந்த நேரம் பார்த்து ரயில் கூவியது.
வட்டம் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது.
பேச்சை எழுத்தாக்கும் பொறி
கீழே எழுதிக் காட்டியது:
'ஐயா நாங்க பாம்பு சின்ன பாலம் பசி எடுக்குது'.

நெறியாளர் நல்ல மனிதர்.
"ஒரு மணிக்கு உணவு இடைவேளை, சகோதரி.
கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்."

முதலில் சிரித்தவள் செபஸ்தி,
அவளைப் பார்த்து மற்றவர்கள்,
கண்ணில் நீர் வர நானும்.
நம்புநாச்சிக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும்.
கூட்டிப் படித்தார்.
"சரியாத்தானே எழுதியிருக்கு" என்றார்.

வத்தம் முடியப் போகிறது என்று
அட்டை வாங்காமலே போய்விட்டார்கள்.

சாயங்காலம் சான்றிதழ் வந்தது.
திருமிகு பல்லுயிர் மே அவர்கள்
ஆர்வத்துடன் பங்கேற்றமைக்காக.
தங்க நிறக் கரை, இரண்டு கையெழுத்து.

விளக்கைப் போட்டு
மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டை எடுத்தேன்.
நாற்பத்து மூன்றாம் பக்கம்
ஒன்றரை வருடமாக வெறுமையாகக் கிடந்தது.
வளத்தின் பெயர் என்ற கட்டத்தில்
மரிக்கொழுந்துப் பாசி என்று எழுதி
துணைக்கால் போட்டேனா என்று
இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன்.