நூறு வரை

மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து
மஞ்சள் ஒயர் ஒன்றைச் சந்துக்கு இறக்கியிருக்கிறேன்.
கீர்த்திபூரில் என் வண்டி இப்படித்தான் உயிர் பிடிக்கிறது.
வீட்டுக்காரர் ரத்னமான் படியில் எதிர்ப்பட்டால்
என்னை விசாரிப்பதில்லை, மீட்டரை விசாரிக்கிறார்.
கீழ்வீட்டு மீனா அந்த ஒயரில்
குழந்தையின் காலுறைகளைக் காயப்போடுகிறாள்.
ஆபத்து என்றேன்.
"கதகதப்பா இருக்கு, சீக்கிரம் காயுதே" என்றாள்.
அந்தக் கதகதப்புதான் ஆபத்து என்பதற்குள்
கதவைச் சாத்திவிட்டாள்.

வீட்டில் மின்சாரம் சொட்டும் குழாய்.
விடிவதற்குள் குடம் நிறைந்தால் அதிர்ஷ்டம்.
முக்லிங்கில் அருவி.
அருவி ஒன்று, குடம் ஏழு.

போக்ராவில் பதினோரு காதுகளுக்குக்
கருவி பொருத்திவிட்டுத் திரும்பும் வழி.
ஏழாவதாக நின்றேன்.
பருப்பும் சோறும், மறுபடி சோறு,
பாத்திரம் கழுவும் பையனோடு கொஞ்சம் அரசியல்,
மழை.

என் முறை வந்தபோது மணி பத்து.
ஐம்பது, அறுபது என்று ஓடிய எண்
எண்பதைத் தொட்டதும் நொண்டத் தொடங்கியது.
எண்பதில் கழற்றிவிட வேண்டும்.
எங்கும் எழுதி ஒட்டவில்லை,
எல்லோருக்கும் தெரியும்.
என் பாட்டரி கிழடு, அதன் எண்பது
மற்றவர்களின் ஐம்பது,
முன்னால் நாக்டுங்கா ஏற்றம்.
இதை யாரிடம் சொல்ல?

பின்னால் சாமந்தி சுற்றிய கல்யாண வண்டி.
மாப்பிள்ளையின் மாமா வந்து
கண்ணாடியைத் தட்டினார்.
"எவ்வளவு ஆச்சு?"
"எண்பத்தொண்ணு."
"ஓ" என்றார். அந்த ஓவில் எல்லாம் இருந்தது.

துப்பாக்கியை உருவக் கை வைத்தேன்.
சிவப்புச் சேலையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்து,
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
மணப்பெண் சேற்றில் வந்தாள்.
"அக்கா, டாய்லெட் எங்கே?"
போன் வெளிச்சம் காட்டிக் கூட்டிப்போனேன்.
திரும்பும்போது, கூரைத் தகரத்தடியில் நின்று,
தாழ்ந்த குரலில் சொன்னாள்:
"நூறு வரைக்கும் போடுங்க அக்கா.
அவசரமில்லை."

அவள் பெயர் ஜூனு. அதுமட்டும் கேட்டேன்.

எண்பத்திரண்டு. எண்பத்திரண்டு. எண்பத்திரண்டு.
என் முன்சீட்டில் கால்களை மடக்கி உட்கார்ந்து
பச்சை நூடுல்ஸை நொறுக்கித் தின்றாள்.
வெளியே மாமா என் ஊரை, என் வளர்ப்பை,
ஓட்டுநர் உரிமம் கொடுத்த அதிகாரியைத் திட்டினார்.
தொண்ணூறில் தூங்கிப்போனாள்.
மருதாணிக் கையில் மசாலாத்தூள்.
தொண்ணூற்றொன்பதில் நான்
ஆசைப்பட்டேன், மின்சாரம் போகட்டும் என்று.
போகவில்லை.
இந்த நாட்டில் வேண்டாதபோது அது போவதே இல்லை.

நூறு.
எழுப்பினேன். செருப்பை மாட்டிக்கொண்டாள்.
நடந்து போனாள்.

மலை ஏறினேன்.
தான்கோட் இறக்கத்தில் இரண்டு சதவீதம் திரும்பக் கிடைத்தது.
வீட்டு வாசலில் பார்த்தால்
இருபத்தொன்பது மிச்சம்.
அவ்வளவு எனக்குத் தேவைப்பட்டிருக்கவில்லை.

ஜன்னலுக்குக் கீழே ஒயர் தொங்கியது.
இரண்டு நாளாக வண்டி இல்லை அல்லவா,
தொட்டுப் பார்த்தேன்,
காலுறை ஈரமாகவே இருந்தது.