நாலரை வள்ளம்

"நாலரைக்கு எடுத்துருவேன்,
பொழுது ஏறினா காத்து எழும்பிரும்" என்றார் ரெமிஜியுஸ்.
அவ்வளவுதான் போனில்.
மிச்சத்தை நாங்கள் மூன்று நாள் பேசினோம்.

பாளையங்கோட்டையிலேயே படுத்துவிட்டு
ரெண்டு மணி பஸ்ஸைப் பிடிக்கலாம் என்றான் முப்பிடாதி.
வீட்டுச் சோறு, சொந்தத் தலையணை, செலவில்லை.
அந்த பஸ் வருமா?
"சில நாள் வரும்" என்றான்,
போன தடவை வல்லநாட்டில் டயர் வெடித்து
விடியும்வரை நின்றதைச் சொல்லாமல்.

தூத்துக்குடி பழைய பஸ் நிலையத்துக்கு எதிரில் ஒரு லாட்ஜ்.
நானூறு ரூபாய்.
ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்து ஜன்னல்;
பனியனோடு ஒருவர் பல் தேய்க்கிறார்,
வணக்கம் சொல்லாமல் இருக்க முடியாத தூரத்தில்.

பாளை ரோட்டில் இன்னொன்று, கண்ணாடிக் கதவு வைத்தது.
காலை உணவு இலவசம், ஏழரையிலிருந்து.
ஏழரைக்கு நாங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று
கடற்புல் எண்ணிக்கொண்டிருப்போம்.
தின்னாத இட்லிக்கும் சேர்த்தா ஆயிரத்து எண்ணூறு என்று
மனசுக்குள் எங்கள் அலுவலகக் கணக்கர் கேட்டார்.
அவர் மனசுக்கு வெளியேயும் கேட்பார்.

கடைசியில் திரேஸ்புரம்.
ஐஸ் கம்பெனிக்கு மேலே இரண்டு அறை,
ஒன்று முந்நூறு.
கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்தால்
ரெமிஜியுஸின் வள்ளம், பச்சை அணியம், ஆடிக்கொண்டு.

லெயோன்ஸ் நோட்டை விரித்தார்.
பெயர், ஊர், எழுதினேன்.
உறவு என்ற கட்டத்தில் பேனா நின்றது.
"கூட வேலை பாக்குறவர்."
அப்படி ஓர் உறவு அவர் நோட்டில் இதுவரை வரவில்லை.
"தம்பின்னு போட்டுக்கிடட்டா?"
என்னைவிட நாலு வயது மூத்த முப்பிடாதி
தம்பியானான்.
வந்த காரணம்: கடற்புல் எண்ண, என்றேன்.
யோசித்துவிட்டு
சுற்றுலா என்று அவரே எழுதிக்கொண்டார்.

இரண்டு மணிக்குக் கீழே ஐஸ் அரைக்கத் தொடங்கினார்கள்.
கட்டில் நடுங்கியது.
தம்ளர் தண்ணீரில் வட்டம், வட்டத்துக்குள் வட்டம்.
சுவருக்கு அப்பால் தம்பி
எந்திரத்தோடு போட்டியிட்டுக் குறட்டை விட்டான்.
நான் தூங்கியது நாற்பது நிமிஷம்.
முந்நூறை நாற்பதால் வகுத்துப் பார்த்தேன்,
பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

ஆள் நீளப் பாளம் ஒன்று சரிந்து உள்ளே போய்
வெள்ளையாகக் கொட்டியது.
மண்வெட்டிக்காரர் "தூக்கம் வரலியா" என்றார்.
"உங்களுக்கு?"
சிரித்தார்.
அந்தச் சத்தத்தில் சிரிப்பு கேட்கவில்லை,
பல் மட்டும் தெரிந்தது.
எங்கள் மாதிரிப் பெட்டிக்கு இரண்டு வாரி போட்டார்.
காசு கொடுத்தேன், வாங்கவில்லை.
நாலரைக்கு யாரும் யாரையும் எழுப்ப வேண்டியிருக்கவில்லை.

தீவில் முதல் வேலை
கரையிலிருந்து கரைக்கு நடந்து அளப்பது.
போன வருஷம் முப்பிடாதியின் காலுக்கு நூற்றுப்பன்னிரண்டு எட்டு.
இந்த வருஷம் தொண்ணூற்றாறு.
அகட்டி வச்சிட்டேனோ என்று
திரும்ப நடந்தான்.
தொண்ணூற்றைந்து.
ஒன்றும் பேசாமல் இரண்டையும் குறித்துக்கொண்டேன்.

புல் எண்ணி முடித்து
வள்ளத்து நிழலில் சும்மா சாய்ந்தேன்.
மணல் சூடு முதுகில் ஏறியது;
எப்போது கண் மூடியதென்று தெரியாது.
கதவு இல்லை, நோட்டு இல்லை,
எத்தனை நாளாயிற்று இப்படித் தூங்கி.

தோளைத் தட்டினார் ரெமிஜியுஸ்.
"ரூமைக் காலி பண்ணுங்கம்மா,
தண்ணி வருது."

ஒரு செருப்பு ஏற்கெனவே நனைந்திருந்தது.
இன்னொன்றை
மூன்று பேரும் தேடினோம்.