பக்கவாசல்

வேலைக்குச் சேர்ந்த அன்று
எனக்கும் ஒரு தாளை நீட்டினார்கள்.
மண்வாரி பிடிக்கிறவனுக்கு எதற்குக் கையெழுத்து என்றேன்.
"கண் இருக்கிற எல்லோரும் போடவேண்டும்"
என்றார் மருத்துவர் வைகெ.
குளிரில் பேனா உறைந்திருந்தது.
இரண்டு தரம் கிறுக்கியபிறகுதான்
என் பெயர் விழுந்தது.

சாரெமா தீவு.
படகில் யார் வந்தார், யார் போனார் என்று
கடற்காகங்களுக்குக்கூடத் தெரிந்த ஊர்.
ஒருவர் கார் எங்கே நிற்கிறது என்பதே
இங்கே பாதிச் செய்தி.
ஆகவே எங்களிடம் வருகிறவர்கள்
மீன்கடை முன்னால் காரை நிறுத்திவிட்டு
சந்துவழியே நடந்து
பக்கவாசலுக்கு வருவார்கள்,
கையில் ஒரு புகைமீன் பொட்டலத்தோடு,
சாட்சிக்கு.

உள்ளே எல்லாம் பத்திரம்.
யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.
கதவுக்குப் பின்னால் ஒருவர் அழுவது
கதவுக்கு முன்னால் கேட்காமலிருக்க
நடையில் ஒரு வானொலி
ஓயாமல் கடல்வானிலை சொல்லிக்கொண்டிருக்கும்.
எழுதியவை இரும்பு அலமாரியில்.
வேண்டாதவை நூல்நூலாய்க் கிழிந்து
என் சாக்கில்.

பனியைப் பற்றி மட்டும்
யாரும் யோசித்திருக்கவில்லை.

டிசம்பரில் மூன்றரைக்கே இருட்டிவிடும்.
சந்தில் ஒரே ஒரு விளக்குக்கம்பம்.
அதன் கீழே, புதிதாய் விழுந்த வெள்ளையில்,
ஒவ்வொருவரும்
தம் பெயரை எழுதிவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள்.
ஆணி வைத்த பூட்ஸ் ஒன்று.
யாருடையது என்று சொல்லமாட்டேன்.
ஆணி என்றதே அதிகம்,
அதை அடித்துவிடுங்கள்.
இடதுகாலை இழுத்து நடக்கிற ஒன்று.
அதையும்.
வாசல்வரை வந்து
அரைவட்டம் போட்டுத்
திரும்பிப்போன தடங்கள் உண்டு.
அவற்றைப் பெருக்கும்போது
துடைப்பம் கொஞ்சம் நிதானிக்கும்.

மணிக்கொரு தரம் ஏன் பெருக்குகிறாய்,
காலையில் ஒரு தரம் போதாதா,
உப்பு என்ன விலை தெரியுமா
என்று கணக்குப் பார்க்கிறவர் கேட்டார்.
வழுக்கும் என்றேன்.
பொய்யில்லை.
விழுகிறவர்கள் எல்லோரும்
இடுப்பெலும்பு முறிந்துதான் விழுவார்களா என்ன.

ஒரு வியாழக்கிழமை,
நான்கு மணி சுமாருக்கு,
சந்துமுனையிலிருந்து வந்திருந்த தடம் ஒன்றில்
வலது குதிகாலில் ஒரு முக்கோணம்.
அந்த ரப்பர் துண்டை
பழைய சைக்கிள் ட்யூபிலிருந்து வெட்டி
பசை காயும்வரை கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தவனுக்கு
அது தெரியாமல் இருக்குமா.

உள்ளே வானொலி
வடமேற்குக் காற்று என்றது.
நடைக்குள் போகலாம்,
சாவி என்னிடம்தான் இருக்கிறது.
தாளில் போட்ட என் பெயரும்
உள்ளேதான் எங்கோ இருக்கிறது.
வாசற்படியிலிருந்து தொடங்கி
பின்பக்கமாகவே நடந்து
முக்கோணம் முக்கோணமாகப் பெருக்கினேன்,
மீன்கடை விளக்கு வரை.
கடைசி ஒன்றை மட்டும்
கொஞ்ச நேரம் விட்டுவைத்தேன்.
பிறகு அதையும்.

இரவு லேலோ முட்டைக்கோஸ் சூப் ஊற்றினாள்.
பாடற்குழுப் பயிற்சி எப்படி என்று கேட்டேன்.
"நடந்தது. மேல்சுருதி இன்னும் அமையவில்லை" என்றாள்.
அமையும் என்றேன்.
உன் சட்டைக்கையெல்லாம் ஈரம் என்றாள்.
பனி என்றேன்.
"சாயங்காலமுமா பெருக்குகிறாய்?"
வழுக்கும்.
கரண்டியைக் கையில் வைத்தபடி
என்னைப் பார்த்தாள்,
கம்பு ரொட்டியின் முனைத்துண்டை,
யாருக்கும் தராமல் தனக்கென்று எடுத்துவைப்பதை,
என் தட்டுப்பக்கம் தள்ளினாள்.
இருவரும் சூப் குடித்தோம்.

அவள் தூங்கியபின்
அடுப்போரம் காய்ந்துகொண்டிருந்த பூட்ஸ்களை,
இரண்டு ஜோடியையும்,
அடிப்பாகம் சுவரைப் பார்க்கத் திருப்பிவைத்தேன்.
வரும் வியாழன்
பன்னிரண்டு சென்டிமீட்டர் விழுமாம்.