பின்சக்கரம் அறியும்

டிப்போவில் ஒரு பழைய பேருந்தை உரித்தார்கள்.
இருக்கைகளை ஒருவன் கோழிக்கூண்டுக்கென்று வாங்கிப்போனான்.
தரையை நான் கேட்டேன்.
பதினெட்டு மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை,
மேலே சாம்பல்நிற ரப்பர்ப் பொட்டுகள்,
இருபத்திரண்டு வருடம் ஈரக் காலணிகள் மிதித்தது.
டனீடனில் மழைக்கென்று தனிப் பருவம் கிடையாது.

மார்ச்சில் சரிவு வண்டிப் பந்தயம்.
இஞ்சின் கூடாது, பெடல் கூடாது, மலைதான் தள்ளவேண்டும்.
குப்பை லாரிக்காரர்கள் ஓர் அணி, நூலகத்தார் ஓர் அணி,
பேருந்து ஓட்டுநர்கள் நாங்கள் ஓர் அணி.
'சக்கரம்: மெரெயானா' என்று
அறிவிப்புப் பலகையில் எழுதிவிட்டான் டங்கன்,
என்னைக் கேட்காமலே.

வட்டம் வரைவது எளிது.
வரைந்த கோட்டின்மேல் கையால் அறுத்தால்
உருளைக்கிழங்கு வரும்.
எனக்கு நான்கு வேண்டும், நான்கும் ஒன்றுபோல.
ஆகவே ஒரு ஜிக்:
பட்டை ரம்பத்தின் மேசைப் பள்ளத்தில் வழுக்கும் சட்டம்,
சட்டத்தின் மேல் பலகை,
பலகையில் தலை வெட்டி அரம் போட்ட ஆணி, நுனி வானம் பார்த்து.
ஆணிக்கும் அலகுக்கும் இடையே நூற்றிருபது மில்லிமீட்டர்.
துண்டை ஆணியில் குத்தி உட்காரவை.
சட்டம் முட்டி நிற்கும்வரை தள்ளு.
பிறகு சுற்று, அவ்வளவுதான்.
ரம்பம் நின்ற இடத்திலேயே கடிக்கிறது.
வட்டம் போடுவது மரம்.

இவ்வளவு புரிந்தும்
முதல் துண்டு நத்தையாக வந்தது.
தொடங்கிய இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும்
நடுவே ஒரு விரற்கடைப் படி.
இரண்டாவதில் அலகு முனகியது, விளிம்பு கருகியது.
மூன்றாவதைப் பற்றிச் சொல்வதற்கில்லை.
"உப்புத்தாள் போட்டுத் தேய்" என்றான் டங்கன்.
தேய்த்தால் போகிற பிழை இல்லை அது.

மறுநாள் காலை ஏழேகால்.
மருந்துக்கடை முனையில் இடப்புறம் ஒடித்துத் திரும்புகிறேன்,
கண்ணாடியில் பின்சக்கரம், நடைபாதை விளிம்பை உரசாமல்.
முன்சக்கரம் எங்கு வேண்டுமானாலும் முகம் திருப்பும்.
பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் போகத் தெரியாது,
நேரே உருளத்தான் தெரியும்.
அதனால் பேருந்து சுழலும் அந்தக் காணாத நடுப்புள்ளி
எப்போதும் பின் அச்சின் நேர்க்கோட்டில்தான் எங்கோ.
இன்று அது மருந்துக்கடை வாசலில்.
கைகள் ஸ்டியரிங்கில் இருக்க
எனக்கு ரம்பம் தெரிந்தது.

அலகுக்கும் பக்கவாட்டில் போகத் தெரியாது!
ஆணி, பற்களுக்கு நேர் எதிரே நிற்கவேண்டும்.
நானோ அலகின் முதுகுக்கும் பின்னால் அடித்திருந்தேன்.
அடுத்த நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.
ஒருவர் மணியை மூன்றுமுறை அடித்தார்.

மாலையில் மூலைமட்டம் வைத்துக் கோடு கிழித்து
ஆணியைப் பிடுங்கி முன்னால் அடித்தேன்.
பலகை சுற்றியது,
வெட்டு தன் வாயையே தேடி வந்து சேர்ந்தது.
எங்கே தொடங்கினேன் என்று
விரலால் தடவியும் தெரியவில்லை.
ஒரு சக்கரத்தில் பழைய சூயிங்கம் ஒட்டியிருந்தது,
கல்லாகி. எடுக்கவில்லை.

பந்தயத்தில் மூன்றாவதாக வந்தோம்.
ஓடியது மூன்று வண்டி.
பிரேக் டங்கனின் பொறுப்பு.

அந்த முனையில் இப்போதெல்லாம்
கடை வாசலை ஒருகணம் பார்த்துத்தான் திரும்புகிறேன்.
பெரும்பாலும் யாரும் இல்லை.
சில காலை யாரோ ஒருத்தி நிற்கிறாள்,
குடையை உதறியபடி, செல்போனைப் பார்த்தபடி.
நாற்பது பேரும் நானும் அவளைச் சுற்றிப் போகிறோம்.