நிலை அறிக்கை

தேயிலை ஏலம் கணினிக்குப் போனபிறகு
பெள்ளிராஜின் தொண்டை சும்மாதான் கிடந்தது.
இன்று அதை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள்.
டஸ்ட் தேயிலையைக் கிலோவுக்கு எட்டணா ஏற்றிப் பழகிய வாய்
ஐம்பதாயிரம் ஐம்பதாயிரமாக ஏற்றுகிறது.
நடுவில் பழக்கதோஷம், ஒரு சப்புக்கொட்டல்,
ஓவியத்தையும் உறிஞ்சிப் பார்த்து
ஓரமாகத் துப்பியவர்போல.

குன்னூர், பெட்போர்டு பக்கம் ஒரு ஓட்டல் கூடம்.
வெளியே பழக் கண்காட்சிக்குப் போகும் வண்டிகள்
நகர முடியாமல் ஹாரன் அடிக்கின்றன.
உள்ளே அறுபது நாற்காலி, பத்தொன்பது பேர்,
சுவரோரம் மூன்று தொலைபேசிகள்.
நடுத் தொலைபேசி என்னுடையது.

இரண்டு வாரம் இந்தப் படங்களோடு குடியிருந்தேன்.
டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து விரிசல் எண்ணினேன்,
சட்டத்தின் இடுக்கில் பூஞ்சை துடைத்தேன்.
இந்த ஊரில் கான்வாஸும் ஊறுகாயும் ஒன்றுதான்,
கவனிக்காவிட்டால் பூத்துவிடும்.

முப்பத்தொன்றாம் எண்.
சாலமோன் அருளாகரம், 1974,
பலகையில் எண்ணெய் வண்ணம், தலைப்பு இல்லை.
யாரும் தலைகீழாக மாட்டிவிடக் கூடாதென்று
பின்புறம் சாக்பீஸில் ஓர் அம்புக்குறி.

நாலு லட்சம், என்றார் பெள்ளிராஜ்.
என் காதில் ஒரு பெண்குரல், எந்த ஊரென்று சொல்லவில்லை.
ஐந்து, என்றது.
கை தூக்கினேன்.
முன்வரிசையில் கொச்சி கேலரிக்காரர்
எண் அட்டையை விசிறிபோல அசைத்தார்.
ஐந்தரை. ஆறு.

"அந்தப் பச்சை எப்படி இருக்கு?"
கேட்டலாக்கில் பார்த்திருப்பீங்களே, என்றேன்.
"அதில் எல்லாப் பச்சையும் பச்சைதான்."
ஆறரை போய்க்கொண்டிருந்தது. யோசித்தேன்.
கொழுந்துப் பச்சை இல்லை.
கற்பூர மரத்துப் பச்சையும் இல்லை.
மழைக்கப்புறம் பஸ் ஸ்டாண்டுத் தகரத்தில்
துருவுக்கு மேலே ஒன்று படருமே,
அந்த மாதிரி, என்றேன்.
அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்தது.
"ஏழு."

பிறகு, சாதாரணமாக,
கடையில் சில்லறை கேட்பதுபோல:
"கீழே இடது மூலையில் ஒரு கட்டைவிரல் பதிஞ்சிருக்குமே,
மஞ்சளா. இருக்கா?"

இருந்தது.
போன செவ்வாய்க்கிழமை பதினோரு மணிவரை இருந்தது.
குச்சியில் பஞ்சு சுற்றி, எச்சில் தொட்டு
(எங்கள் தொழிலில் அதுதான் முதல் மருந்து)
ரேகை ரேகையாக எடுத்தேன். நன்றாக வந்தது.
என் வேலை எனக்கே பிடித்துப்போய்
இரண்டு முறை போட்டோ எடுத்துக்கொண்டேன்.
அறிக்கையில் எழுதினேன்:
இடது கீழ்மூலையில் சிறு கறை. அகற்றப்பட்டது.
மதிப்பைப் பாதிக்காது.

ஏழரை, என்றார் பெள்ளிராஜ். தொலைபேசி?
பத்தொன்பது தலைகளும் என் பக்கம் திரும்பின.
ஒரு "இருக்கு" போதும்.
ஒன்பதுவரை போயிருப்பார், பத்துகூட.
என் கமிஷனும் அதில்தான்.

இல்லை, என்றேன். நான்தான் துடைச்சேன்.

மூச்சுச் சத்தம்.
சிரிப்பா என்று சொல்லத் தெரியாத ஒன்று.
"அந்தக் கறைக்காக அவர் பதினோரு நாள்
என்னோட பேசலை" என்றது குரல்.
"பன்னிரண்டாம் நாள் நானே துடைக்கப் போனேன்.
விடலை."
இன்னொரு விசில்.
"போதும்மா. கேட்கிறவருக்கே குடுத்திடுங்க."

ஏழரை ஒருதரம், ஏழரை இரண்டுதரம்.
சுத்தியல் விழுந்தது.
முப்பத்திரண்டு, என்றார் பெள்ளிராஜ், சப்புக்கொட்டி.

சாயந்திரம் பனி படியேறி வரவேற்பறைக்குள் வந்தது.
கொச்சிக்காரர் படத்தருகே குனிந்தார்.
சரியாக அந்த மூலைக்கு
அவர் கட்டைவிரல் நீண்டது.
தொடாதீங்க!
என் குரல் சமையலறைவரை கேட்டிருக்கும்.
"ஏன், இனி என்னுடையதுதானே?" என்றார், உண்மையான குழப்பத்தோடு.
ஆமாம் சார், என்றேன்.
ஆமாம்.
குமிழி உறையைச் சுற்றி
ஒட்டுநாடாவைப் பல்லால் கடித்து அறுத்தேன்.